ஓர் எழுத்து, இரு குறியீடு: ‘ஸ்ரீ’யின் கணினிக் குறியேற்றம் பற்றிய ஒரு நோக்கு

தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களுள் இடம்பெறாததும், ஆயின் யாழ்ப்பாணத்து எழுத்து வாழ்க்கையில் அவற்றுட் பலவற்றினும் மிகுதியாகக் கண்ணிற் படுவதுமான வடிவம் ஒன்று உண்டெனின் அது ‘ஸ்ரீ’ என்பதேயாகும். கோயில் வாயிலிலே அது உண்டு. திருமண அழைப்பிதழின் தலைப்பிலே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்பிலே ஆசிரியர் பெயருக்கு முன்னே உண்டு. ஒரு காலத்தில் அரசியற் போராட்டத்தின் பொருளாகவும் அது நின்றதுண்டு. இலக்கணிகள் அதனை எழுத்தென ஏற்றிலர். எழுதுவோர் அதனைக் கைவிட்டிலர். இவ்விரு நிலைகளுக்குமிடையே நெடுங்காலம் இடரின்றி வாழ்ந்த அவ்வடிவம், கணினிக்குள் நுழைந்தபோது முதன்முறையாக ஒரு வினாவுக்கு விடையிறுக்க வேண்டியதாயிற்று. உனக்குள் இருக்கும் எழுத்துக்கள் எவை என்பதே அவ்வினா. அதற்குக் கணினித் தரம் இரு காலங்களில் இரு வேறு விடைகளை அளித்தது. அதன் விளைவாக, கண்ணுக்கு ஒன்றேயான ஒரு வடிவம் பொறிக்கு இரண்டாயிற்று. இது தொழினுட்பர்க்கு மட்டும் உரிய நுணுக்கமென ஒதுக்கற்பாலதன்று. நூற்பட்டியல், ஆவணக்காப்பு, ஆட்பெயர் என்பனவற்றோடு நேரே தொடர்புடைய செய்தி இதுவாகும்.

வடசொற்கள் தமிழில் வழங்குமிடத்து வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் சொல்லதிகாரத்திற் காட்டும் நெறி. அந்நெறிப்படி ‘ஸ்ரீ’ என்பது சிரீ எனவும், சிறீ எனவும், பொருள் நோக்கித் திரு எனவும் எழுதப்பட்டுள்ளது. எனினும் வடமொழியை எழுதுதற்குத் தமிழ்நாட்டிலே வழங்கிய கிரந்த எழுத்துமுறையிலிருந்து ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்பனவற்றோடு இக்கூட்டு வடிவமும் தமிழ் எழுத்தினுள்ளே வந்து தங்கியது. கிரந்தத்திலே இதன் முதலுறுப்பு அண்ணத்திற் பிறக்கும் ஶகரம். பல்லிற் பிறக்கும் ஸகரம் அன்று. ஆயின் தமிழ் எழுத்திலே ஶகரம் தனித்து வழங்கவில்லை. தமிழ் பேசுவோருட் பெரும்பாலோர் இவ்வடிவத்தை ஸகரவொலியோடே ஒலித்தனர். எழுத்துக்கூட்டிச் சொல்லுமாறு கேட்பின் ஸ், ரீ என்றே கூறினர். வடிவத்தை மட்டும் நோக்குவோர்க்கோ அதனுள் ஒளிந்திருப்பது ஸகரமா ஶகரமா என்பது புலனாகாது. பிறப்பு ஒன்று, வழக்கு ஒன்று, வடிவம் இரண்டுக்கும் பொது. பின்னர் எழுந்த சிக்கலுக்கு வித்து இங்கேதான் உள்ளது.

அச்சுக்கலை யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய வரலாற்றோடு இவ்வெழுத்தை இணைத்து நோக்குதல் பயன்தரும். அமெரிக்க மிசனரிமாரின் மானிப்பாய் அச்சகமும், 1841 இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகையும், 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியும் ஒருபுறம். 1849 இல் அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையிலே பதிப்புப் பணி தொடங்கிய ஆறுமுகநாவலர் (1822–1879) மறுபுறம். நாவலர் பெயர் ‘ஸ்ரீலஸ்ரீ’ என்னும் அடையோடு அச்சேறிய முறை இன்றும் சைவ உலகிற் பயில்கின்றது. ஓர் அடைமொழியிலேயே அவ்வடிவம் இருமுறை வருவது கவனிக்கத்தக்கது. அச்சுக் கோப்பவரைப் பொறுத்தவரை ஸ்ரீ என்பது ஈய அச்சு ஒன்று, தனியறையில் இருப்பது, எடுத்து அடுக்குவதற்குரியது. அதனுள் எத்தனை எழுத்துக்கள் அடங்கியுள்ளன, அவை யாவை என்னும் ஆராய்ச்சி அவருக்கு வேண்டப்படவில்லை. ஈயம் சொல்லிலக்கணம் கேட்பதில்லை.

தட்டச்சுப் பொறி வந்தபோது நிலைமை சிறிது மாறியது. சுண்டிக்குழியிற் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவராகப் போற்றப்படும் ஆர். முத்தையா (பிறப்பு 1886), தமிழ் எழுத்துக்கள் அனைத்துக்கும் தனித்தனி விசை வைக்க இயலாதென்பதை உணர்ந்து, புள்ளியையும் விசிறிகளையும் அடித்தபின் தாள் நகராதிருக்கும் நகரா விசைகளை அமைத்தார். உயிர்மெய்யைப் பகுத்து, பகுத்தவற்றை மீண்டும் கூட்டி ஓர் எழுத்தாக்கும் முறை தமிழ்ப் பொறிகளுட் புகுந்தது அப்போதுதான் எனலாம். ஆயினும் அப்பகுப்புக் கண்ணுக்குப் புலனாகும் வடிவப் பகுப்பே. தாளிலே பதிந்த கோலம் சரியாயின் எல்லாம் சரியே.

இவ்வெழுத்து அரசியலின் நடுவே வந்து நின்ற காலத்தையும் இங்கு குறிப்பிடாமல் விடுதல் இயலாது. ஊர்திப் பதிவிலக்கத் தகடுகளிலே சிங்கள ‘ஶ்ரீ’ எழுத்து 1957 இல் வழக்குக்கு வந்தது. 1958 சனவரி முதலாந் திகதி பேருந்துச் சேவை அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை நிறுவப்பெற்றது. அச்சபையின் பேருந்துகள் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவ்வெழுத்தைத் தாங்கி வடக்கே வந்தபோது தமிழரசுக் கட்சியினர் தார் பூசும் இயக்கத்தைத் தொடங்கினர். தெற்கிலே பதிலுக்குத் தமிழெழுத்துக்கள் அழிக்கப்பட்டன. 1957 யூலையிற் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை 1958 ஏப்ரல் 9 ஆம் திகதி கைவிடப்பட்டது; மே மாதத்து வன்செயல்கள் தொடர்ந்தன. இவ்வரலாறு பலரும் எழுதியதே. எழுத்தாராய்ச்சியாளர் மனங்கொள்ள வேண்டிய செய்தி வேறொன்று. சிங்கள எழுத்தை அழித்த கைகள் அவ்விடத்தில் எழுதியது தமிழ் ‘ஸ்ரீ’ ஆகும். நெடுங்கணக்கில் இல்லாத, கிரந்த வழிவந்த அவ்வடிவம், தமிழ்மொழியுரிமையின் சின்னமாக நின்றது. அதனை வடவெழுத்தென அன்று எவரும் தயங்கினாரல்லர். ஓர் எழுத்து தமிழெழுத்தாதல் இலக்கணத்தின் அனுமதியால் மட்டுமன்று, வழக்கின் உரிமையாலும் நிகழும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேடவேண்டியதில்லை.

அன்று தகடுகளில் எதிரெதிரே நின்ற அவ்விரு வடிவங்களும் கணினியில் எவ்வாறு அமைந்தன என்பது சுவையான ஒப்பீடு. சிங்கள எழுத்து 1999 இல் ஒருங்குறியின் 3.0 பதிப்பிற் சேர்க்கப்பட்டது. சிங்கள ஶ்ரீ அங்கே ஐந்து குறியீடுகளின் தொடர்: ஶகரம், அல்லகுறி, அகலமற்ற இணைப்பி, ரகரம், ஈகாரக் குறி. இவற்றுள் நடுவில் உள்ள இணைப்பி கண்ணுக்குத் தெரியாதது. முன்னும் பின்னும் உள்ளவற்றை இணைத்து வரைக எனப் பொறிக்கு ஆணையிடுவது மட்டுமே அதன் தொழில். ஏதேனும் ஒரு மென்பொருள் அதனைத் தேவையற்றதெனக் களைந்துவிடின் எழுத்துச் சிதறி, நாட்டின் பெயரே பிழையாகத் தோன்றும். சிங்கள வாசகர் இவ்வவலத்தை நன்கு அறிவர். தமிழுக்கு அத்தகைய இணைப்பி வேண்டியதில்லை; நான்கு குறியீடுகள் அடுத்தடுத்து வரின் எழுத்துருவே அவற்றை ஒன்றாக்கிக் காட்டும். ஆகவே சிங்களத்தின் இடர் கண்ணெதிரே தோன்றுவது; தமிழின் இடரோ கண்ணுக்கு மறைந்து நிற்பது. மறைந்து நிற்பதே திருத்துதற்கு அரிது.

அவ்விடர் நேர்ந்த முறையைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே சட்டகத்தில் இடமளிக்கும் நோக்குடன் இந்திய அரசு 1988 இல் வகுத்த ‘இஸ்கி’ என்னும் குறியேற்றத்தை அடியொற்றி, 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. அத்தொகுதியில் உயிர்மெய்களுக்குத் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி என்பனவற்றைத் தொடராக இட்டே எழுத்துக்கள் ஆக்கப்பட வேண்டும். ஸ்ரீ என்பதற்கும் தனியிடம் அளிக்கப்படவில்லை. தொகுதியில் அப்போது ஶகரம் இல்லாமையால் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்னும் நான்கின் தொடரே அதற்குரிய குறியேற்றமாகக் கொள்ளப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் அதுவே நிலை.

இக்காலப் பகுதியில் யாழ்ப்பாணத்தாரும் புலம்பெயர்ந்தோரும் ஒருங்குறியைப் பயன்படுத்தினர் எனக் கொள்ளுதல் தவறு. ஈழத்து அச்சகங்களிலும் செய்தித்தாள் நிலையங்களிலும் ஆட்சி செலுத்தியது ‘பாமினி’ எழுத்துரு. இணைய உரையாடல்களிலே 1990களின் பிற்பகுதியில் உருவான ‘திஸ்கி’ குறியேற்றம் மற்றொன்று. இவற்றில் ஸ்ரீ ஒரே குறியீடு. ஈய அச்சின் வாரிசு எனலாம். திஸ்கியில் அதற்கெனத் தனியிடம் இருந்தது. பாமினியில் ஒரு விசையை அழுத்த அது தோன்றும். எனவே இப்பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போதெல்லாம், ஒன்றாயிருந்ததை நான்காகப் பிரிக்கும் பொறுப்பு மாற்றிகளை எழுதிய தன்னார்வலர் கைக்குச் சென்றது. அவர்களுட் பெரும்பாலோர் ஸகரத்தையே இட்டனர். அன்று வேறு வழியும் இல்லை. (பாமினிக் கோப்புகளிலே ரகரத்துக்குப் பதிலாகக் காலையே இட்டு அதன்மேல் விசிறியையோ புள்ளியையோ வைத்த பழக்கத்தால், மாற்றியபின் ‘ரி’ என்பது காலும் விசிறியுமாகிய பொருளற்ற தொடராய் எஞ்சி நிற்கும் விபத்து இன்னொன்று. அது நெடுங்கணக்கு எழுத்துக்களையே தாக்குவதாகலின் தனியே ஆராயத்தக்கது.)

2005 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பு தமிழ்த் தொகுதியில் இரு புதிய இடங்களைச் சேர்த்தது. ஒன்று தமிழ்ச் சுழி இலக்கம், மற்றொன்று ஶகரம். தமிழெழுத்தில் வடமொழித் தோத்திரங்களையும் மந்திரங்களையும் அச்சிடுவோர்க்கு ஶகரம் பயன்படுவது உண்மை. அதற்கு இடம் தந்தமையைக் குறைகூற இயலாது. தூய தமிழ் நோக்கினர் அதனையும் மறுத்தனர். எனினும் ஓர் எழுத்துக்கு இடமிருத்தல் அதனை வழங்கியே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தை உண்டாக்குவதன்று. குறை நேர்ந்தது அடுத்த படியில். ஶகரம் வந்துவிட்டமையால், ஸ்ரீ என்பதனுள் உள்ளது இனி ஶகரமே எனத் தரம் முடிவுசெய்தது. அதாவது, சொற்பிறப்பை அளவுகோலாகக் கொண்டு ஏற்கெனவே வழக்கிலிருந்த குறியேற்றம் மாற்றப்பட்டது. பழைய தொடரும் எழுத்துருக்களில் அதே வடிவமாகத் தொடர்ந்து தோன்றியது. புதிய தொடரும் அவ்வாறே தோன்றியது. இரண்டும் உலகிற் பரவிவிட்டன என்பதை ஒருங்குறித் தரமே பின்னர் ஒப்புக்கொண்டு, இரண்டையும் நிகராகக் கருதுதல் நன்று எனப் பரிந்துரைக்கின்றது.

பரிந்துரை என்பது விதியன்று. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளுதற்குத் தமிழின் ஒகர உயிர்மெய்யே எடுத்துக்காட்டாகும். ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் வெவ்வேறாகச் சேர்த்தும் எழுதலாம். அங்கும் வழிகள் இரண்டே. ஆயின் அவ்விரண்டும் ஒன்றே எனத் தரம் விதியாகவே வகுத்துள்ளது. இயல்பாக்கம் எனப்படும் செயன்முறை அவற்றை ஒரே தொடராக்கிவிடும். தேடுவோர் வேறுபாட்டை உணரார். ஸ்ரீக்கு அத்தகைய விதி இல்லை. இயல்பாக்க விதிகளைப் பின்னாளில் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் உறுதிமொழியாதலால் இனி அது வரப்போவதும் இல்லை. ஆகவே ஒரு மென்பொருள் தானாக முன்வந்து இவ்விரண்டையும் இணைத்தால் அன்றி, ஸகரத்தால் எழுதிய ‘ஸ்ரீகாந்தன்’ வேறொருவர். ஶகரத்தால் எழுதிய ‘ஶ்ரீகாந்தன்’ வேறொருவர். இரு பெயர்களையும் அருகருகே அச்சிட்டு எத்துணைக் கூர்ந்து நோக்கினும் வேறுபாடு தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் கூடும். கூட்டெழுத்துக்களைத் தொடராகக் குறியேற்றுவது ஒருங்குறியின் பொதுக்கொள்கை. க்ஷ என்பதும் அவ்வாறே க, புள்ளி, ஷ எனத் தொடராகவே உள்ளது. ஸ்ரீக்கு மட்டும் தனியிடம் கேட்பது முறையாகுமா என்பர். க்ஷவின் உறுப்புக்கள் எவை என்பதில் இருவேறு கருத்து இல்லாமையால் அதற்குத் தொடர் போதும். ஸ்ரீயின் உறுப்பு எது என்பதிலேயே பிறப்புக்கும் வழக்குக்கும் பிணக்கு உள்ளது. பிணக்குள்ள இடத்தில் வடிவத்தை முழுமையாக ஏற்று ஓரிடம் அளிப்பதே அறிவுடைமை. அவ்வாறு செய்வதற்கு முன்மாதிரியும் இல்லாமலில்லை. 2008 இல் வெளிவந்த 5.1 பதிப்பில் ‘ௐ’ என்னும் ஓங்காரச் சின்னத்துக்குத் தமிழ்த் தொகுதியில் தனியிடம் தரப்பட்டது. ஓகாரமும் மகர மெய்யும் இணைந்த வடிவம் அது என்பது வெளிப்படை. அதனை எவரும் பிரிக்குமாறு கேட்கவில்லை. கோயிலின் ஒரு வாயிலிலே எழுதப்படும் ௐ பிளவுபடாது நிற்க, மறுவாயிலில் எழுதப்படும் ஸ்ரீ நான்காய்ப் பிளவுபட்டது எந்த நியாயத்தால்?

விடை நாகரியில் உள்ளது. நாகரித் தொகுதியில் ஓங்காரத்துக்குத் தனியிடம் உண்டு, ஸ்ரீக்கு இல்லை. வடமொழியில் ஶ்ரீ என்பதன் உறுப்புக்கள் பற்றி ஐயமே இல்லையாதலின் அங்கே தனியிடம் தேவைப்படவும் இல்லை. தமிழுக்கு அதே அச்சு வார்க்கப்பட்டது. இத்தகைய பொருந்தா அச்சின் அடையாளங்கள் தமிழ்த் தொகுதியில் வேறும் உள. ஆய்தத்துக்கு ஒருங்குறியில் வழங்கும் பெயர் தமிழ் விசர்க்கக் குறி என்பது. தொல்காப்பியர் சார்பெழுத்தென வகுத்த ஒன்று வடமொழி எழுத்தொன்றின் பெயரால் உலகத் தரத்தில் இடம்பெற்றுள்ளது; பெயர்களை மாற்றுவதில்லை என்னும் விதியால் அப்பெயர் என்றும் அவ்வாறே இருக்கும்; ஆய்தம் என்பது அடிக்குறிப்பாக மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழிலே வழங்காத அனுசுவாரத்துக்கும் ஓரிடம் உண்டு. ஆய்தத்தின் பெயர் பிழைபட்டதால் எவரும் தேடும் நூலை இழப்பதில்லை. ஸ்ரீயின் பிளவோ அவ்விழப்புக்கு வழிசெய்வது. எனினும் இரண்டும் ஒரே மனப்பாங்கின் விளைவுகள்.

இச்சட்டகத்துக்கு எதிரான குரல்கள் தமிழ்நாட்டில் வலுவாகவே எழுந்தன. உயிர்மெய் உட்பட எல்லா எழுத்துக்களுக்கும் தனியிடம் தரும் ‘தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம்’ வகுக்கப்பட்டு, 2010 யூனில் கோயம்புத்தூர்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியோடு அதுவும் தரமாகத் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, கிரந்த எழுத்துக்கள் 26 ஐத் தமிழ்த் தொகுதியோடு சேர்க்குமாறு வந்த முன்மொழிவு பெருங் கண்டனத்துக்குள்ளாகி நின்றுபோயிற்று. கிரந்தத்துக்குத் தனித் தொகுதி 2014 இல் 7.0 பதிப்பில் அமைந்தது. அந்த விவாதத்திலே செலவான ஆற்றலில் ஒரு சிறு பங்கேனும் ஸ்ரீயின் இரட்டை நிலைக்குச் செலவாகியிருக்கலாம். கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்னும் பெருவழக்கில், ஏற்கெனவே உள்ளே இருந்த ஒன்று ஒழுங்காக இருக்கின்றதா என நோக்குவார் அருகினர். கிரந்தம் தன் வீட்டுக்குப் போய்விட்ட பின்னர், தமிழ்த் தொகுதியிலுள்ள ஸ்ரீயை வடமொழிப் பிறப்பால் அளப்பதற்கு இருந்த ஒரே காரணமும் நீங்கிற்று என்றே கொள்ளல் வேண்டும். கிரந்தத்தில் எழுதுவோர் அங்கே ஶகரத்தால் எழுதுக. தமிழில் எழுதுவோரின் ஸ்ரீ தமிழ் வழக்கின்படி அமைக.

வேற்று நாட்டு எழுத்துமுறைகளோடு ஒப்பிடின் இச்சிக்கலின் தன்மை மேலும் தெளிவாகும். கனடாவின் முதற்குடி மக்களுடைய அசையெழுத்து முறைகள் 1999 இல் ஒருங்குறியில் ஏற்றப்பட்டபோது, ஒவ்வோர் அசைக்கும் தனித்தனி இடம் தரப்பட்டது; சேரோக்கி மக்களின் அசையெழுத்துக்கும் அவ்வாறே. பகுத்துக் கூட்டும் முறை அங்கே இல்லை. ஆகவே அங்கு நேர்ந்த குறை வேறுவகையது. நற்றிலிங்மியுட் என்னும் இனுயிற் மொழி வழக்குக்கு வேண்டிய எழுத்துக்கள் விடுபட்டுப் போயின. தம் மொழியைக் கணினியில் முழுமையாக எழுத இயலாது அம்மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தனர். 2021 இல் வெளிவந்த 14.0 பதிப்பிலே கனடிய அசையெழுத்துக்கென 16 இடங்கள் கொண்ட புதிய தொகுதி சேர்ந்தபின்னரே அக்குறை நீங்கியது. அவர்களது குறை இல்லாமை. தமிழின் குறை மிகை. இல்லாமையை எவரும் உடனே உணர்வர். எழுத்து இல்லையெனில் கை நின்றுவிடும். மிகையை உணர்வது அரிது. கை எழுதிக்கொண்டே போகும்.

யாழ்ப்பாணத்துக்கு இதனால் நேரும் இழப்பு எத்தகையது? 1981 மே இறுதி நாளிரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்வழிவின் பின்னர் எஞ்சியவற்றைத் திரட்டி எண்ணிமப்படுத்தும் முயற்சிகளுள் 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையக் காப்பகம் தலையாயது. ஶகரம் ஒருங்குறியுட் புகுந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயலான ஒற்றுமை. கோயிற் கும்பாபிஷேக மலர், நினைவு மலர், தோத்திரத் திரட்டு, ஊர்ச் சங்க ஆண்டறிக்கை என இம்மண்ணின் சமூக வரலாற்றுக்குரிய மூலங்களுட் பெரும்பகுதி ஸ்ரீ என்னும் எழுத்திலேயே தொடங்கும் தலைப்புக்களைக் கொண்டது. தெல்லிப்பழை ஸ்ரீ துர்க்காதேவி தேவஸ்தானத்தின் மலரொன்றைத் தேடும் மாணவன் தன் கைத்தொலைபேசியின் விசைப்பலகை இடும் தொடர் எதுவென அறியான். பட்டியல் செய்தவர் இட்ட தொடர் எதுவெனவும் அறியான். தேடற்பொறி இரண்டையும் இணைக்கத் தெரியாததாயின், அம்மலர் இல்லை என்னும் விடையே அவனுக்குக் கிட்டும். எரியாமல் எஞ்சிய நூல் ஒன்று எழுத்தின் உட்பிரிவால் மறைந்துபோதல் சிறு விபத்தன்று.

யாழ்ப்பாணத்து எழுத்து வழக்கு இச்சிக்கலை மேலும் பெருக்குகின்றது. ஒரே பெயர் ஸ்ரீ என்றும் சிறீ என்றும் சிறி என்றும் சிரீ என்றும் இங்கே எழுதப்படும். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் பாடசாலைப் பதிவில் மற்றொன்றுமாக இருத்தல் அரிதன்று. இவ்வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிவன. எழுதுநர் கண்டு திருத்தலாம். ஒப்பமிட்டு இருவரும் ஒருவரே எனச் சான்றளிக்கலாம். ஸகர ஸ்ரீக்கும் ஶகர ஸ்ரீக்கும் உள்ள வேறுபாட்டை எந்த எழுதுநரும் காணமாட்டார். தரவுத்தளம் மட்டுமே காணும். அது காணும் என்பதைச் சொல்லவும் மாட்டாது. நாட்டின் தமிழ் இணையப் பெயர் 2010 இல் ‘இலங்கை’ என்றே அமைந்தது நல்வாய்ப்பு. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்புத் தந்த பெயரையே தமிழில் ஒலிபெயர்த்து இட்டிருப்பின், கண்ணுக்கு ஒன்றாயும் பொறிக்கு இரண்டாயும் உள்ள ஒரு நாட்டுப் பெயரை இணையம் சுமக்க நேர்ந்திருக்கும்.

ஸ்ரீயை முற்றாகக் கைவிட்டுத் திரு என்றோ சிறீ என்றோ எழுதிவிடின் இத்தொல்லை தீரும் என்பது ஒருசாரார் கூற்று. இனி எழுதுவோர்க்கு அது பொருந்தலாம், தத்தம் விருப்பம். ஆயின் நூற்பட்டியலாளர் முன்னே உள்ளது இனி எழுதப்படுவதன்று. 1849 முதல் அச்சேறியது. நாவலர் பதிப்பின் முகப்பில் ‘ஸ்ரீலஸ்ரீ’ என இருப்பதைத் ‘திருவளர்திரு’ எனப் பட்டியலிடுவது பதிப்பியல் நேர்மைக்கு ஒவ்வாது. மூலத்தில் உள்ள வடிவத்தை மாற்றும் உரிமை பட்டியலாளருக்கு இல்லை. வாசகருக்கு உதவும் மாற்றுத் தலைப்பைப் பக்கத்தில் தருவது வேண்டுமானால் அவர் கடமையாகும். மென்பொருள் வல்லுநர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வர் என்னும் மறுசாரார் கூற்றும் முழுமையானதன்று. பெருநிறுவனங்களின் தேடற்பொறிகள் இவ்விரண்டையும் இணைத்துக் காணக்கூடும். ஒரு பாடசாலை நூலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுதப்பட்ட சிறு மென்பொருளும் அவ்வாறு செய்யும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. இலங்கையின் தமிழ்க் குறியேற்றத் தரம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலக்கத்தில் 2008 இல் வெளியிடப்பட்டது. தரம் ஒன்று இருப்பதனால் மட்டும் ஒவ்வோர் அலுவலகத்துத் தேடற் பெட்டியும் அதனை அறிந்திருக்கும் என்பதற்கில்லை.

செய்யத்தக்கது எளிது, வியப்பூட்டும் அளவுக்கு எளிது. சேமிக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதனையே எங்கும் இடுதல். தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல். எதனைத் தேர்வது என்பதில் மட்டுமே கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. தமிழ் வழக்கும் ஒலிப்பும் முன்வந்த ஆண்டுகளின் கோப்புகளும் ஸகரத்தின் பக்கம். இன்றைய தரமும் வடமொழிப் பிறப்பும் ஶகரத்தின் பக்கம். பிறநாட்டு நூலகங்களோடு பட்டியலைப் பகிரவேண்டிய நிலையில் உள்ள காப்பகம் தரத்தையே பின்பற்றுதல் நடைமுறைக்கு உகந்தது. அத்தரம் பிழையான அளவுகோலால் எட்டப்பட்டது என்னும் விமர்சனம் அதனால் வலுவிழப்பதில்லை. எதனைத் தேரினும் பட்டியல் விதியாக அதனை எழுதிவைத்தலே முதன்மையானது. இவ்விதியை வகுத்தற்கு உரியவர் கணினித் துறையினர் மட்டும் அல்லர். எழுத்தின் வரலாறும் பதிப்பின் வரலாறும் அறிந்த தமிழ்த்துறையினரும் நூலகவியலாரும் அவர்களோடு ஒருங்கமர்தல் வேண்டும். பாமினிக் கோப்புகளைத் தாங்கிய பழைய வன்தட்டுகளும் குறுவட்டுகளும் பல அச்சகங்களின் அலுமாரிகளில் இன்றும் மாற்றத்துக்குக் காத்துக்கிடக்கின்றன. அவற்றை மாற்றும் நிரலில் ஸ்ரீக்குரிய வரி எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதை மாற்றம் தொடங்குமுன்னரே முடிவுசெய்தல் வேண்டும். மாற்றியபின் அக்கோப்புகளைப் படிப்போர் எவர்க்கும் அது கண்ணிற் படாது.